ஆறாம் மைலில் மண்ணெண்ணெய் வாசனை

அஷ்பி கவுண்டியின் வரலாறு என்று தலையணை கனத்தில் ஒரு புத்தகம் கோர்ட்டுக் கட்டிடத்தில் இருக்கிறது. அதில் பெயர் பெற்ற குடிமக்கள் என்று ஒரு பகுதி. முதல் மாவு மில்லை வைத்தவர், முதல் பாங்கைத் திறந்தவர், மண்கரை போட நிலம் விட்டவர் என்று தாடியும் கடிகாரச் சங்கிலியுமாக முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஓர்ஃபா டில்மனுக்கு அதில் படம் இல்லை. லூடன் துறை விளக்குகளைக் கவனித்துவந்தவர் திருமதி டில்மன் என்று ஒரே வரி, அதுவும் கப்பல்களைப் பற்றிய பக்கத்தின் அடியில்.

கவனித்துவந்தாள் என்பது உண்மைதான். மிசிசிப்பி ஆறு லூடன் துறைக்கு எதிரே பெரிதாக ஒரு வளைவு போடுகிறது. மேலே இருந்து வருகிற கப்பல் அந்த இடத்தில் இக்கரையை விட்டு அக்கரைக்கு ஓடிவிட வேண்டும். தவறினால் நடு ஆற்று மணல்திட்டு அதன் அடிவயிற்றைக் கிழித்துவிடும். எங்கே திரும்புவது என்று கப்பலோட்டிக்குக் காட்ட இரண்டு விளக்குகள். ஒன்று இக்கரையில், இல்லினாய் பக்கம். இன்னொன்று அக்கரையில், மிசௌரி பக்கம். தினமும் பொழுது சாயும் நேரத்தில் இரண்டையும் துடைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, திரியைக் கத்தரித்து ஏற்ற வேண்டும். அரசாங்கம் அந்த வேலையை முதலில் அவள் புருஷன் ஆர்வில்லுக்குக் கொடுத்திருந்தது. அவன் நெஞ்சுச் சளி கட்டிப் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கே கொடுத்தது. பதினோரு வருஷத்தில் ஒரு சாயங்காலம்கூட அந்த விளக்குகள் இருட்டில் நின்றதில்லை. நின்றால் விளக்கு இலாகா இன்ஸ்பெக்டர் வேலையைப் பிடுங்கிவிடுவார் என்பது ஒரு பக்கம். எரியும் என்று நம்பித்தானே ஒருவன் அத்தனை பெரிய கப்பலைத் திருப்புகிறான், அவன் முகம்கூட நமக்குத் தெரியாதே என்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. துடுப்புப் போடும்போது வாய்க்குள்ளேயே ஜெபம் பண்ணுவாள். ஜெபம் முடிகிற இடத்தில் அக்கரை வந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம் ஏப்ரலில் ஆறு ஏறியது. வெள்ளத்தைத் தடுக்க ஆற்றை ஒட்டிப் போட்ட மண்கரையின் தோள்வரைக்கும் தண்ணீர் வந்து நின்றது. உள்பக்கத்தில் சோளக்கொல்லையும் தர்ப்பூசணித் தோட்டமும் வீடுகளும் பன்னிரண்டு அடி பள்ளத்தில் கிடந்தன. மாடியில் நின்று பார்த்தால் ஆறு மேலே, ஊர் கீழே.

இப்படி வெள்ளம் வந்தால் எங்கள் ஊரில் ஆண்கள் துப்பாக்கியோடு கரையில் நிற்பார்கள். தண்ணீரைச் சுட முடியாது. அவர்கள் காத்துக் கிடப்பது அக்கரைக்காரனுக்காக. எதிர்க்கரை உடைந்தால் ஆறு அந்தப் பக்கம் பாய்ந்து, இந்தப் பக்கம் ஒரே மணி நேரத்தில் இரண்டு அடி இறங்கிவிடும். ஒரு படகும் ஒரு பெட்டி வெடிமருந்தும் போதும். அக்கரையிலும் இதே கணக்கோடு இதே மாதிரி ஆட்கள் இதே மாதிரி துப்பாக்கியோடு நிற்பார்கள். மைலுக்கு ஒரு கட்டை நட்டு, கட்டைக்கு ஒரு ஆள். மூன்று வேட்டு தொடர்ந்து கேட்டால் எல்லாக் கட்டைக்காரர்களும் அந்த இடத்துக்கு ஓடி வர வேண்டும்.

அக்கரைக்காரன் வருவான் என்று இவர்கள் இத்தனை திடமாக நம்பியதற்கு இன்னொரு காரணம் உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளத்தில் அக்கரைதான் உடைந்தது. எலி வளை பறித்து உடைந்தது என்று இக்கரையில் எல்லோரும் சொன்னார்கள். சொல்லும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஓர்ஃபாவின் வீடு மண்கரைக்கு வெளியே, ஆற்றுப் பக்கம், உயரமான மரக்கால்களின் மேல் இருந்தது. ஏழாவது படிவரைக்கும் தண்ணீர் வந்திருந்தது. படகை வாசல் தூணிலேயே கட்டியிருந்தாள். அதுவே ஊராருக்கு முதல் உறுத்தல். கரை உடைந்தாலும் உடையாவிட்டாலும் அவளுக்கு ஒன்றுதானே. இரண்டாவது, அவள் தங்கை செல்மாவை மிசௌரியில் கட்டிக் கொடுத்திருந்தது. மூன்றாவது, தினமும் சாயங்காலம் ஒரு தகர டின்னையும் ஒரு மரப்பெட்டியையும் படகில் வைத்துக்கொண்டு, ஆண்பிள்ளைகளே இறங்கப் பயப்படுகிற வெள்ளத்தில் அவள் ஒருத்தி அக்கரைக்குப் போய்வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காப்பித்தூள் வாங்கக் கடைக்குப் போனபோது, கடைக்குள் பேச்சு வெட்டினாற்போல் நின்றது. கடைக்கார மேபல் எடை போடும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கரையில எல்லாரும் சௌக்கியமா, மிஸ் ஓர்ஃபா?” என்றாள். கலியாணமான பெண்ணையும் எங்கள் பக்கம் மரியாதைக்கு மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“என் தங்கச்சி சௌக்கியம். மத்தவங்களை எனக்குத் தெரியாது.”

“தெனமும் போறீங்க, தெரியாதுங்கறீங்க.”

“தெனமும் போய் விளக்கை ஏத்தறேன், மேபல். விளக்கு ஊர்வம்பு பேசறதில்ல.”

மேபல் காப்பித்தூளைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தாள். “ஜட்ஜ் உங்களைப் பின்னறைக்கு வரச் சொன்னாரு.”

ஜட்ஜ் பெட்டிக்ரூ கரைக் கமிட்டியின் தலைவர். ஐந்தாம் மைலிலிருந்து ஏழாம் மைல்வரை கரைக்கு உள்பக்கம் இருக்கிற நிலமெல்லாம் அவருடையது. ஊரில் பாதிப் பேர் அவருக்குக் குத்தகை உழுகிறவர்கள். கோபம் வந்தாலும் குரலை உயர்த்த மாட்டார். அதனால் அவர் எப்போது கோபமாக இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பின்னறையில் அவரோடு கமிட்டிக்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள்.

“உட்காருங்க, மிஸ் ஓர்ஃபா. வெள்ளம் வடியறவரைக்கும் நீங்க அக்கரைக்குப் போக வேண்டாம்னு நினைக்கிறோம்.”

“இக்கரை விளக்கு மட்டும் எரிஞ்சா, ரெண்டும் அணைஞ்சு கெடக்கறதைவிட மோசம், ஜட்ஜ். திட்டு மேலயே கொண்டுபோய் ஏத்திடுவாங்க.”

“இந்த வெள்ளத்துல எந்தக் கப்பல் வரப்போகுது?”

“ஆத்துக்கு மேல்பக்கத்து ஊர்கள்ல கூரை மேல உட்கார்ந்திருக்கற ஜனங்களை ஏத்திக்கிட்டு நேத்து ஒண்ணு கீழ போச்சு. எண்பது பேர். கோழிக்கூண்டோட ஒரு கெழவி மேல்தட்டுல உட்கார்ந்திருந்தாங்க. இன்னும் ரெண்டு வருதாம்.”

ஒரு கமிட்டிக்காரர் தொண்டையைச் செருமினார். “விளக்கு கப்பல்காரனுக்கு மட்டுமா வழி காட்டும்? திருட்டுப் படகுக்கும்தான் காட்டும்.”

“சூரியனும் அப்படித்தாங்க. அதுக்கு என்ன பண்ணலாம்?” என்றாள் ஓர்ஃபா. அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

ஜட்ஜ் சட்டைப்பைக் கடியாரத்தைத் திறந்து பார்த்து மூடினார். “சரி. போங்க. ஆனா படகுல எங்க ஆள் ஒருத்தன் வருவான். துப்பாக்கியோட. அக்கரையில நீங்க யார்கிட்டயும் பேசக் கூடாது. உங்க மேல சின்னதா ஒரு புகார் வந்தாலும் அன்னிக்கே படகை எடுத்துப்போம்.”

அன்று சாயங்காலம் கரையிலிருந்து பலகை வழியாக இறங்கி வந்தவன் லெம் ஸ்டோக்ஸ். ஐம்பது வயசு. எருது மாதிரி உடம்பு. ஜட்ஜின் நிலத்தில் தர்ப்பூசணி போடுகிறவன். அவனுக்கு நீச்சல் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். படகுப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, அவளைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

“பெட்டியைத் திறங்க.”

திறந்தாள். திரிச்சுருள், கத்தரி, துடைக்கிற துணி, தீப்பெட்டி, சோளரொட்டி ஒரு துண்டு.

“ரொட்டி யாருக்கு?”

“எனக்கு. வேணும்னா பாதி தரேன்.”

“எனக்கு வேண்டாம்.” டின்னை மோந்து பார்த்தான். ஒரு குச்சியை உள்ளே விட்டு ஆழம் பார்த்தான். அப்புறம் போகலாம் என்று தலையை ஆட்டினான்.

கரையோரத்தில் வில்லோ மரங்களின் தலைகளுக்கு நடுவே தண்ணீர் அமைதியாக இருக்கும். அதன் வழியாக அரை மைல் மேலே போய், பிறகு குறுக்கே பாய்ந்தால் ஆற்றின் இழுப்பே படகை விளக்கின் நேருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நடு ஆற்றுக்கு வந்தபோது வேரோடு ஒரு மரம் பக்கத்தில் உருண்டு போனது. லெம் கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் துப்பாக்கியின் வாய் அவள் பக்கமே இருந்தது.

அவளுக்கும் ஒரு நினைப்பு வந்தது. நீச்சல் தெரியாதவனை ஏன் அனுப்பினார்கள்? படகு கவிழ்ந்தால் அவள் பிழைப்பாள், அவன் சாவான். அப்புறம் ஊர் என்ன சொல்லும்? இல்லை, கவிழாமலே ஏதாவது நடக்கப் போகிறதா? கர்த்தாவே, இப்படியெல்லாம் யோசிக்க என்னை யார் பழக்கினார்கள் என்று தன்னையே கடிந்துகொண்டாள். ஆனாலும் யோசித்தாள்.

அக்கரை விளக்கை ஏற்றினாள். அந்தக் கரையில் ஒருவன் துப்பாக்கியோடு எழுந்து நின்று பார்த்தான். லெம்மும் எழுந்து நின்றான். அவள் கண்ணாடியைத் துடைக்கிற சத்தம் மட்டும் கீச் கீச்சென்று கேட்டது.

புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை திரும்பி வருகிறபோது லெம் வாயைத் திறந்தான்.

“பத்து வருஷத்துக்கு முன்னாடி, அவங்க கரை உடைஞ்ச அன்னிக்கும் நீங்க விளக்கு ஏத்தத்தானே போயிருந்தீங்க?”

“ஆமா.”

“ஏதாவது பாத்தீங்களா?”

துடுப்பு ஒரு இழுப்புத் தவறி மறுபடி விழுந்தது. “ஒரு படகு போச்சு. மூணு பேர் இருந்தாங்க.”

“யாரு?”

“என் கையில விளக்கு இருந்தது, லெம். வெளிச்சத்தைக் கையில வெச்சிருக்கறவளுக்கு எதிர்ல இருக்கற முகம் தெரியாது.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“யாரும் கேக்கலையே.”

துப்பாக்கியின் குதிரையில் அவன் பெருவிரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மூன்று பேரில் இவன் ஒருத்தனா? அதற்காகத்தான் இவனை என்னோடு அனுப்பினார்களா? அவள் ஜெபத்தைத் தொடங்கினாள். நடுவில் எந்த வார்த்தையில் நின்றோம் என்று மறந்துபோனது. பதினோரு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், அக்கரை விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பி, மண்கரையை ஒட்டி வந்துகொண்டிருந்தார்கள். வெளிச்சம் இன்னும் நன்றாகவே இருந்தது. ஆறாம் மைல் கட்டையைத் தாண்டி ஆளில்லாத இடத்துக்கு வந்தபோது படகு தானாகவே கரைப் பக்கம் நகர்ந்தது. ஓர்ஃபா துடுப்பை நிறுத்தினாள். மறுபடியும் நகர்ந்தது. கரையிலிருந்து நாலு முழம் தள்ளி, நுரையும் சோளத்தட்டையும் ஒரு செத்த தவளையும் மெதுவாக வட்டம் சுற்றிக்கொண்டிருந்தன. தட்டைகளில் ஒன்று நடுவுக்கு வந்து, நெட்டுக்குத்தாக நின்று, உள்ளே போய்விட்டது. திரும்பி வரவில்லை.

“லெம். இங்க தண்ணி உள்ள போகுது.”

“ஆத்துல சுழி இருக்கறதுதான்.”

“இது மரத்துக்குப் பின்னாடி ஓட்டமே இல்லாத தண்ணி. இங்க சுழி எப்படி வரும்? கரைக்கு அடியில ஓட்டை விழுந்திருக்கு. மூணு வேட்டுப் போடுங்க.”

அவன் கண் சுருங்கியது. “அதானே பாத்தேன். மூணு நாளா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தீங்களா?”

“என்னது?”

“வேட்டுப் போட்டா எல்லாக் கட்டைக்காரனும் இங்க வந்துடுவான். ஒண்ணாம் மைல்ல ஒருத்தனும் இருக்க மாட்டான். அங்க உங்க தங்கச்சி புருஷன் பெட்டியோட எறங்குவான். நல்லா யோசிச்சிருக்கீங்க, மிஸ் ஓர்ஃபா. நான் பூசணி போடறவன்தான், நானே பூசணிக்காய் இல்ல.”

அவளுக்கு அழுகை வந்தது. அழவில்லை. அழுதால் அதையும் நடிப்பு என்பான். டின்னைப் பார்த்தாள். பாதிக்கு மேல் மண்ணெண்ணெய் இருந்தது. இக்கரை விளக்குக்கும் நாளைக்கும் உள்ள எண்ணெய்.

“நான் சொல்றதை நம்ப வேண்டாம். உங்க மூக்கை நம்புவீங்களா?” மூடியைத் திறந்து, விளக்குக்கு ஒரு குவளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மீதியைச் சுழியின் நடுவில் ஊற்றினாள். எண்ணெய் பரவவில்லை. கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. “இப்ப கரை மேல ஏறி அந்தப் பக்கம் எறங்கிப் பாருங்க. ஒண்ணும் இல்லேன்னா திரும்பி வந்து என்னைச் சுடுங்க. நான் இங்கயே இருக்கேன்.”

“நான் போனதும் நீங்க ஓடிடுவீங்க.”

“துடுப்பை எடுத்துக்கிட்டுப் போங்க.”

அவன் இரண்டு துடுப்பையும் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினான். மேலே நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அந்தப் பக்கம் இறங்கிவிட்டான். அவள் ஒரு வில்லோக் கிளையைப் பிடித்துக்கொண்டு, துடுப்பில்லாத படகில், சுழியின் இழுப்பில் உட்கார்ந்திருந்தாள். அவன் வேட்டுப் போடாமலே இருந்துவிட்டால்? பார்த்துவிட்டுப் பேசாமல் ஜட்ஜிடம் மட்டும் போய்ச் சொன்னால்? கிளையின் பட்டை அவள் உள்ளங்கையில் வழுக்கியது.

மூன்று வேட்டு கேட்டது.

லெம் கண்டது இதுதான். ஜட்ஜின் சோளக்கொல்லை ஓரத்து வாய்க்காலில், போன வருஷத்துச் செத்தைக்கு அடியில், ஒரு சுட்ட மண் குழாயின் வாய். அதிலிருந்து சேறும் தண்ணீருமாகப் பீறிக்கொண்டு வந்தது. தண்ணீரின் மேல் மயில் கழுத்து மாதிரி எண்ணெய் பளபளத்தது. மண்ணெண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. மண்கரைக்குக் குறுக்கே குழாய் போடுவதற்கு எங்கள் கவுண்டியில் யாருக்கும் அனுமதி கிடையாது. ஆனால் வயலில் மழைத்தண்ணீர் தேங்கினால் கரையில் துளை போட்டு ஆற்றுக்குள் விட்டுவிடுவது சிலருக்குச் சுலபமாக இருந்தது. ஆற்றுப் பக்கம் ஒரு மரமூடி, அவ்வளவுதான். கள்ள மதகு. அந்த மூடி உளுத்து உடைந்திருந்தது. ஒரு வாரமாக எல்லோரும் முதுகை வயலுக்குக் காட்டிக்கொண்டு, ஆற்றைப் பார்த்துத் துப்பாக்கி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

எழுபது பேர் சேர்ந்து, ஊற்றைச் சுற்றி மணல் மூட்டையால் கிணறு மாதிரி கட்டினார்கள். அதன் வாயை அடைத்தால் தண்ணீர் வேறு பக்கம் பிய்த்துக்கொண்டு கிளம்பும். சுற்றிக் கட்டி உள்ளே தண்ணீர் உயர விட்டால்தான் அதன் வேகம் தணியும். விடிகிறபோது கரை நின்றது. முந்தின சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பே யாரோ துடுப்பைக் கொண்டுவந்து கொடுக்க, ஓர்ஃபா இக்கரை விளக்கையும் ஏற்றிவிட்டுப் பெண்களோடு சேர்ந்து மூட்டைக்கு மணல் அள்ளிப் போட்டாள். யாரும் அவளிடம் பேசவில்லை. மேபல் மட்டும் ஒரு குவளை காப்பி கொடுத்தாள். அதைக் குடிக்குமுன் ஓர்ஃபா மோந்து பார்த்தாள். பார்த்ததற்காக உடனே வெட்கப்பட்டாள்.

காலையில் கமிட்டி மெதடிஸ்ட் கோயிலில் கூடியது. சேறு அப்பின கால்களோடு எல்லோரும் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஜட்ஜ் பெட்டிக்ரூ முன்னால் நின்றார்.

“கர்த்தர் நம்மைக் காப்பாத்தினாரு. அதுக்கு ஸ்தோத்திரம். ஆனா நாம கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. அந்தக் குழாய் எனக்கு முன்னாடி இருந்தவங்க போட்டது, அது எனக்கே தெரியாது. கரைமேல நடந்த உங்க யாருக்கும் தெரியாது. மிஸ் ஓர்ஃபாவுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?”

பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு.

“அது மட்டுமில்ல. உடைப்பு வாயில மண்ணெண்ணெய் வாசனை. உங்க எல்லாருக்கும் அடிச்சுது. இந்த ஊர்ல டின்னு டின்னா மண்ணெண்ணெயோட ஆத்துல போறவங்க யாரு? மூடி தானா உடைஞ்சுதா, யாராவது உடைச்சாங்களா? நான் யார் மேலயும் பழி போடலை. வெள்ளம் வடியறவரைக்கும் படகை எடுத்து வெச்சுப்போம். விளக்கு வேலையை வேற ஆளுக்குக் கொடுக்கச் சொல்லி இன்ஸ்பெக்டருக்கு எழுதுவோம்னு மட்டும் சொல்றேன்.”

ஓர்ஃபா எழுந்தாள். “எண்ணெயை ஊத்தினது நான்தான். லெம் பாக்கத்தான் ஊத்தினேன்.”

“ஊத்தினதை ஒத்துக்கறாங்க,” என்றார் ஜட்ஜ், மென்மையாக.

அவள் உட்கார்ந்துவிட்டாள். நூறு முகங்கள் அவளைப் பார்த்துவிட்டு லெம்மின் பக்கம் திரும்பின. அவன் கடைசிப் பெஞ்சில் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய தோட்டம் ஜட்ஜின் நிலம். அவன் படுக்கிற வீடும் அவருடையது. இவன் பேச மாட்டான் என்று அவள் நினைத்தாள். மண்கரைக்குக் குறுக்கே அந்தக் குழாயைப் பதிக்க மண் வெட்டினவனே இவனாக இருக்கலாம் என்றும் நினைத்தாள்.

“லெம், நீ ஏதாவது சொல்லணுமா?” என்று ஜட்ஜ் கேட்டார். சொல்ல வேண்டாம் என்ற குரலில் கேட்டார்.

லெம் எழுந்து நின்றான். “நாலு நாளா நான் அவங்க படகுல இருந்தேன், ஜட்ஜ். ஒரு நிமிஷம்கூட நான் அவங்களை நம்பலை. இப்பவும் நம்பறேனான்னு தெரியலை. நம்பாததாலதான் அவங்க ரெண்டு கையையும் விட்டு என் கண்ணு போகலை. பொட்டியில என்ன இருந்துது, டின்னுல எத்தனை விரக்கடை எண்ணெய் இருந்துது, எல்லாம் எனக்குத் தெரியும். அந்த மூடியை அவங்க தொடலை.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி உடைச்சிருந்தா இந்நேரம் நாம எல்லாரும் கூரை மேல இருப்போம்.” அவன் தொப்பியைப் பெஞ்சில் வைத்தான். “இன்னொண்ணு. ஒரு கரையை வேணும்னு உடைக்கறவன் எப்படி உடைப்பான்னு எனக்குத் தெரியும். மூணு பேர் வேணும். வெடிமருந்துப் பொட்டியைக் கரையோட பாதி ஒசரத்துல புதைக்கணும், கீழ இல்ல. குழாயை நோண்டிக்கிட்டு எவனும் உட்கார மாட்டான். எப்படித் தெரியும்னு நீங்க கேளுங்க, ஜட்ஜ். கேட்டா சொல்றேன். இங்கயே, கர்த்தரோட பீடத்துக்கு முன்னாடியே சொல்றேன். நாங்க மூணு பேர் இருந்தோம்.”

சில பெண்கள் தங்கள் புருஷன்மாரைப் பார்த்தார்கள். ஜட்ஜ் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பாஸ்டர்தான் எழுந்து, படகை எடுக்க வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். மூன்று கைகள் எழுந்தன. ஒன்று பாதியில் இறங்கிவிட்டது.

லெம் அந்தக் கோடையில் ஜட்ஜின் நிலத்தை விட்டு வெளியேறினான். காலி பண்ணச் சொன்னார்களா, அவனே போனானா என்று ஊரில் இரண்டு விதமாகவும் சொல்வார்கள். ஓர்ஃபா அவனிடம் நன்றி சொல்லப் போனபோது அவன் கதவருகிலேயே நிறுத்திவிட்டான். “உங்களுக்காகச் சொல்லலை, மிஸ் ஓர்ஃபா. பத்து வருஷமா தூக்கம் வரலை. நீங்க நல்லவங்களா கெட்டவங்களான்னு எனக்கு இன்னும் பிடிபடலை. நல்லா இருங்க.”

கோயிலில் கூடின அன்று சாயங்காலமே அவள் தனியாகப் படகை எடுத்தாள். டின்னில் மேபலின் கடையிலிருந்து வாங்கின புது எண்ணெய். கரைமேல் ஒவ்வொரு கட்டையிலும் ஒரு தொப்பி அவள் போகிற திசையிலேயே திரும்பிக்கொண்டு வந்தது. அவள் பத்திரமாகப் போகிறாளா என்று பார்த்தார்களோ, என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்தார்களோ. அவள் கேட்கவில்லை.

ஏறுவதற்கு முன் படகின் அடிப்பலகையை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரை கையால் தடவிப் பார்த்தாள். எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று இரண்டு சொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் பத்தொன்பது வருஷம் அந்த விளக்குகளை ஏற்றினாள். அப்படித் தடவிப் பார்க்காமல் ஒரு நாளும் ஏறினதில்லை. இதற்காக மட்டும் கர்த்தரிடம் தினமும் மன்னிப்புக் கேட்டாள் என்று செல்மா பிற்பாடு சொன்னாள்.

அன்று பொழுது சாய்ந்து அரை மணி கழித்து, மேலே இருந்து ஒரு கப்பல் வந்தது. இரண்டு விளக்கையும் பார்த்து, திட்டு வருவதற்கு முன்பே சரியான இடத்தில் திரும்பி, அக்கரை ஓரமாகவே இறங்கிப் போனது.